பால் எங்கே போனது? ‘விலங்குப் பண்ணை’ பற்றி ஒரு பதில்

மூணாறு பக்கம் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) வாசகசாலை ஒன்றை நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மாதக் கூட்டத்தில் ஜார்ஜ் ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’யைத் தமிழில் சத்தமாக வாசிக்கலாம் என்று முடிவு செய்தார்களாம். பண்ணைக்காரனை விரட்டிவிட்டு விலங்குகளே பண்ணையை நடத்தத் தொடங்க, போகப் போகப் பன்றிகளே எஜமானர்களாகிவிடும் கதை அது; ரஷ்யப் புரட்சியைத்தான் அப்படி உருவகமாகச் சொல்கிறது. யூனியன் வேலையிலேயே நரைத்துப்போன இரண்டு தோழர்கள், “அது செங்கொடியைக் கேவலப்படுத்த எழுதின புத்தகம், நம்ம லயத்துக்குள்ள அது எதுக்கு?” என்று தடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது, புரட்சி என்றாலே கடைசியில் ஏமாற்றம்தான் என்றா அந்தக் கதை சொல்கிறது, அப்புறம் இதை நேராகச் சொல்லாமல் பன்றியையும் குதிரையையும் வைத்து ஏன் சொல்ல வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, முதலில் அந்தத் தோழர்களின் கோபத்தை ஒதுக்கிவிடாதீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 1954-இல் இந்தக் கதை கார்ட்டூன் படமாக வந்தபோது அதற்குப் பின்னால் இருந்தது அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.வின் பணம். படத்தில் முடிவையே மாற்றினார்கள். புத்தகத்தில், பண்ணைவீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் விலங்குகளுக்குப் பன்றி எது, மனிதன் எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகிறது. அவ்வளவுதான் முடிவு. படத்தில் விலங்குகள் மறுபடி திரண்டு பன்றிகளைக் கவிழ்க்கின்றன. பனிப்போர்க் காலம் முழுக்க இந்தப் புத்தகம் கம்யூனிஸ்டுகளை அடிக்கும் கம்பாகவே பயன்பட்டது. ஆனால் கம்பை வெட்டியவன் வேறு, மரத்தை நட்டவன் வேறு.

நட்டவர் யார் என்று அந்தத் தோழர்களுக்குச் சொல்லுங்கள். ஆர்வெல் 1903-இல் பிகாரில், மோதிஹாரியில் பிறந்தவர். 1922-இல் பர்மாவுக்குப் போலீஸ் அதிகாரியாகப் போனார். ஆளும் கூட்டத்தின் கையாளாக இருப்பது பொறுக்காமல் 1927-இல் அந்த வேலையை விட்டார். 1936-இன் கடைசியில் ஸ்பெயினுக்குப் போய் பாசிஸ்டுகளுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கினார். 1937 மே மாதம் போர்முனையில் அவர் தொண்டையைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டு போனது. உயிர் தப்பித் திரும்பினால், அவர் சேர்ந்திருந்த ‘போவும்’ (POUM) என்ற சின்ன இடதுசாரிக் கட்சி தடைசெய்யப்பட்டுவிட்டது. ஸ்டாலினை ஏற்காத இடதுசாரிகளை ஸ்டாலினின் ஆட்கள் வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். கட்சியின் தலைவர் ஆந்த்ரேயு நின் கைதாகி அப்படியே காணாமல் போனார். ஆர்வெலும் அவர் மனைவியும் எல்லை தாண்டி பிரான்சுக்குத் தப்பினார்கள். பகைவனின் குண்டை வாங்கியவரைத் துரத்தியது சொந்த அணி. இந்தக் கதைக்கு வித்து அங்கே விழுந்தது. சோஷலிசம் வேண்டாம் என்று நினைத்த ஒருவர் எழுதிய கதை அல்ல இது. அது வேண்டும் என்று தொண்டையைக் கொடுத்தவர் எழுதியது.

அவர் இதை எழுதியது 1943 நவம்பரிலிருந்து 1944 பிப்ரவரிக்குள். அப்போது ஸ்டாலின் பிரிட்டனுக்கு நண்பர். ஒரு பதிப்பாளர் முதலில் சரி என்றார், அரசாங்கத்தின் தகவல் அமைச்சக அதிகாரி ஒருவரைக் கலந்துகொண்ட பிறகு பின்வாங்கினார். அந்த அதிகாரியே சோவியத் உளவாளி என்று பிற்பாடு தெரியவந்தது. இன்னொரு பதிப்பகத்தில் கவிஞர் டி.எஸ். எலியட் இருந்தார். அவர் மறுத்து எழுதிய கடிதத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். பன்றிகள்தான் மற்ற விலங்குகளைவிட அறிவுள்ளவை, ஆகவே பண்ணையை நடத்தத் தகுதியும் அவற்றுக்கே. தேவைப்பட்டது இன்னும் கொஞ்சம் பொதுநலம் உள்ள பன்றிகள்தானே என்று வாதிடலாமே என்றார் எலியட்.

நம்மில் பாதிப் பேர் சொல்வதும் இதுதானே? தலைவர் நல்லவராக வாய்த்திருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும் என்கிறோம். லெனின் இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால், ஸ்டாலினுக்குப் பதில் அவரோடு போட்டியிட்ட டிராட்ஸ்கி வந்திருந்தால் என்று பேசிக்கொண்டே இருக்கிறோம். ஆர்வெல் இதை ஏற்கவில்லை என்பது கதையின் இரண்டாம் அத்தியாயக் கடைசியிலேயே தெரியும். அங்கேதான் நீங்கள் வாசிப்பை நிறுத்தி நிதானிக்க வேண்டும்.

ஜோன்ஸ் என்ற பண்ணைக்காரனை விரட்டியாகிவிட்டது. பசுக்களின் மடி கனத்துக் கிடக்கிறது. பன்றிகளே பால் கறக்கின்றன. நுரை பொங்க ஐந்து வாளிப் பால். இந்தப் பாலை என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு குரல் கேட்கிறது. ஜோன்ஸ் சில சமயம் எங்கள் தீவனத்தில் கொஞ்சம் கலப்பான் என்கிறது ஒரு கோழி. நெப்போலியன் என்ற பன்றி வாளிகளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, பாலை விடுங்கள் தோழர்களே, அதைப் பார்த்துக்கொள்ளலாம், அறுவடைதான் முக்கியம் என்கிறது. எல்லாரும் வயலுக்குப் போகிறார்கள். சாயங்காலம் திரும்பி வந்தால் பாலைக் காணோம்.

பால் தினமும் பன்றிகளின் தீவனத்தில் கலக்கப்படுகிறது என்பது அடுத்த அத்தியாயத்தில்தான் தெரிகிறது. மரத்தடியில் விழும் ஆப்பிளும் பன்றிகளுக்கே என்று உத்தரவு வருகிறது. எங்களுக்கு ஆப்பிள் பிடிக்கவே பிடிக்காது, மூளை உழைப்பாளிகளான நாங்கள் தெம்பாக இல்லாவிட்டால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான், உங்களுக்காகத்தான் சாப்பிடுகிறோம் என்று ஸ்குவீலர் என்ற பேச்சாளப் பன்றி விளக்கம் சொல்கிறது. ஜோன்ஸ் திரும்பி வர யாருக்கு ஆசை? எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தில் ஆர்வெல் ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார். எல்லா விஷயத்திலும் சண்டை போடும் நெப்போலியனும், இன்னொரு தலைமைப் பன்றியான ஸ்னோபாலும் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். நெப்போலியன் என்றால் ஸ்டாலின், ஸ்னோபால் என்றால் டிராட்ஸ்கி என்று எல்லா உரைநூலும் எழுதும். ஸ்னோபாலும் பாலைக் குடித்தான் என்பதைப் பல உரைகள் தவறவிடும். 1946 டிசம்பரில் டுவைட் மெக்டொனால்ட் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஆர்வெலே இதை விளக்கியிருக்கிறார். பன்றிகள் பாலையும் ஆப்பிளையும் தமக்கென்று எடுத்துக்கொண்ட இடம்தான் கதையின் திருப்பம் என்கிறார். அடைப்புக்குறிக்குள் ‘க்ரான்ஸ்டாட்’ என்று ஒரு சொல் எழுதுகிறார். க்ரான்ஸ்டாட் கடற்படைத் தளத்து மாலுமிகள் 1917 புரட்சிக்கு முதுகெலும்பாக நின்றவர்கள். 1921 மார்ச்சில் அவர்களே சோவியத்துகள் என்ற தொழிலாளர் மன்றங்களுக்குச் சுதந்திரமான தேர்தல் வேண்டும், தொழிலாளருக்கும் விவசாயிக்கும் பேச்சுரிமை வேண்டும் என்று கேட்டார்கள். உறைந்த கடல்மேல் செம்படையை அனுப்பி அவர்களை நசுக்கினார்கள். அப்போது லெனின் உயிரோடு இருந்தார். போர்த்துறை டிராட்ஸ்கியின் கையில் இருந்தது. அன்று பாலைக் கேட்டு விலங்குகள் விடாப்பிடியாக நின்றிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்பது ஆர்வெலின் கருத்து. மக்கள் விழிப்போடு இருந்து, தலைவர்கள் தங்கள் வேலையை முடித்ததும் அவர்களைக் கீழே இறக்கத் தெரிந்திருந்தால்தான் புரட்சியால் பெரிய நன்மை வரும் என்பதுதான் தான் சொல்ல வந்தது என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார். இரண்டாவது கேள்விக்கு அவரே சொன்ன பதில் இது.

இதை ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி வரும். விலங்குகள் ஏன் கேட்கவில்லை? இங்கேதான் இந்தக் கதை எனக்கு மிகவும் நெருக்கமானது, ஏனென்றால் நான் வாழ்நாள் முழுக்க எழுத்துக் கற்றுக்கொடுத்தவன். இந்தப் பண்ணையில் யாருக்கு எவ்வளவு படிக்கத் தெரியும் என்று ஆர்வெல் கணக்காக எழுதியிருக்கிறார். ஜோன்ஸின் பிள்ளைகள் தூக்கிப்போட்ட பழைய எழுத்துப் பாடப் புத்தகத்தை வைத்துப் பன்றிகள் படிக்கக் கற்றுக்கொண்டன. பாக்ஸர் என்ற உழைப்பாளிக் குதிரைக்கு முதல் நான்கு எழுத்துக்கு மேல் மனதில் நிற்கவில்லை. க்ளோவர் என்ற பெண்குதிரைக்கு எழுத்தெல்லாம் தெரியும், கூட்டி வாசிக்க வராது. ம்யூரியல் என்ற வெள்ளாட்டுக்கு ஓரளவு நன்றாகவே வாசிக்க வரும். பெஞ்சமின் என்ற கழுதைக்குப் பன்றிகளுக்கு இணையாகப் படிக்கத் தெரியும். ஆனால் அது படிப்பதில்லை, படிக்கத் தகுந்தது ஒன்றுமில்லை என்கிறது.

பெரிய கொட்டகைச் சுவரில் ஏழு கட்டளைகள் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருக்கின்றன. எந்த விலங்கும் கட்டிலில் தூங்கக் கூடாது என்பது நாலாவது. பன்றிகள் வீட்டுக்குள் கட்டிலில் படுப்பதாகத் தெரிந்ததும் க்ளோவருக்குச் சந்தேகம் வருகிறது. சுவருக்கு எதிரே போய் நின்று தானே எழுத்துக் கூட்டிப் பார்க்கிறது, முடியவில்லை. ம்யூரியலைக் கூட்டிவந்து வாசிக்கச் சொல்கிறது. விரிப்புள்ள கட்டிலில் தூங்கக் கூடாது என்று ம்யூரியல் வாசிக்கிறது. விரிப்பு என்ற சொல் அங்கே இருந்ததாக க்ளோவருக்கு ஞாபகமில்லை. ஆனால் சுவரிலேயே இருக்கிறதே, அப்படியென்றால் இருந்திருக்க வேண்டும். பிற்பாடு கொலைகள் நடக்கின்றன. கொல்லக் கூடாது என்ற கட்டளையில் ‘காரணமில்லாமல்’ என்ற சொல் சேர்ந்திருக்கிறது. ஒரு ராத்திரி சுவருக்கடியில் ஏணி உடைந்து கிடக்கிறது. பக்கத்தில் ஸ்குவீலர், லாந்தர், பிரஷ், கவிழ்ந்த சாயச் சட்டி. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பெஞ்சமின் மட்டும் தெரிந்தாற்போலத் தலையை ஆட்டுகிறது, வாயைத் திறக்கவில்லை.

அது வாயைத் திறப்பது பாக்ஸரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது. ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்று நினைத்து எல்லாரும் கையசைத்து வழியனுப்புகிறார்கள். வண்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள், குதிரையை அறுக்கிறவனின் வண்டி இது என்று பெஞ்சமின் கத்துகிறது. அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. தம்பி, என்னைக் கேட்டால் கதையிலேயே பெரிய குற்றவாளி நெப்போலியன் இல்லை. படிக்கத் தெரிந்தும் படித்துச் சொல்லாத இந்தக் கழுதைதான். ஒரு லட்சியம் கெடுவதற்கு முன்னால் அதன் எழுத்து கெடுகிறது. எழுத்தைக் காக்க வேண்டியவர்கள் படித்தவர்கள்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அரசியலை நேராக எழுதினால் உடனே வழக்காடத் தொடங்கிவிடுவோம். அன்றைய சூழ்நிலை என்ன, வெளிநாட்டுப் படைகள் சூழ்ந்திருந்ததே, பஞ்சமாயிற்றே என்று ஒவ்வொரு கொடுமைக்கும் ஒரு சமாதானம் கைவசம் வைத்திருப்போம். ஐந்து வாளிப் பாலுக்குச் சமாதானம் சொல்வது கஷ்டம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பண்ணையில் யாருக்கும் கட்டளை முதலில் எப்படி இருந்தது என்று ஞாபகமில்லை, வாசிக்கிற நமக்கு மட்டும் ஞாபகமிருக்கிறது. முப்பது பக்கத்துக்கு முன்னால் படித்தோமே, ‘விரிப்பு’ என்ற சொல் அங்கே இல்லையே என்று நம் மனசு அடித்துக்கொள்கிறது. க்ளோவருக்கு யாரும் தராத சாட்சியை ஆர்வெல் நமக்குள் உண்டாக்கிவிடுகிறார். கட்டுரையால் இதைச் செய்ய முடியாது.

அவர் நேர்மைக்கு ஒரு சின்னச் சான்றும் சொல்லிவிடுகிறேன். பண்ணையைத் தாக்க வந்த மனிதர்கள் அதன் காற்றாலையை வெடிவைத்துத் தகர்க்கும்போது நெப்போலியன் உட்பட எல்லா விலங்குகளும் தரையில் குப்புற விழுந்தன என்று முதலில் எழுதியிருந்தார். அச்சாவதற்கு முன், 1945 மார்ச்சில், நெப்போலியனைத் தவிர மற்றவை என்று மாற்றச் சொன்னார். ஜெர்மன் படை நெருங்கி வந்தபோது ஸ்டாலின் மாஸ்கோவை விட்டு ஓடவில்லை, அதை மறைப்பது நியாயமில்லை என்பது காரணம். செங்கொடியைக் கேவலப்படுத்த நினைப்பவர் இந்தத் திருத்தத்துக்கு மெனக்கெட மாட்டார்.

குறையே இல்லாத கதை என்று சொல்ல மாட்டேன். தொழிலாளியைக் குதிரையாகவும் ஆடாகவும் காட்டும்போது, அறிவின்மை அவன் பிறவிக்குணம் என்று ஆகிவிடுகிறது. பாக்ஸரால் ஐந்தாவது எழுத்தைக் கற்கவே முடியாது, அது அப்படிப் படைக்கப்பட்ட விலங்கு. மனிதன் அப்படி இல்லை. இந்த மறுப்பை அந்தத் தோழர்கள் சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள். அதற்கு நம் மலையிலேயே சான்று இருக்கிறது.

1957 ஏப்ரலில் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. மறு வருஷம் தேவிகுளம் இடைத்தேர்தல். பண்ணைப்புரத்திலிருந்து மலையேறி வந்த பாவலர் வரதராஜன் லயம் லயமாகத் தமிழில் பாடினார், கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்று இன்றைக்கும் சொல்வார்கள். நம் அப்பா அம்மாக்களை நிமிர்ந்து நிற்கவைத்த காலம் அது, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதே 1958-இல், ஜூலையில், கொல்லம் பக்கம் சந்தனத்தோப்பில் முந்திரித் தொழிலாளர்கள்மீது அந்தத் தொழிலாளர் அரசின் போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள் என்பதும் சரித்திரம். இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ‘விலங்குப் பண்ணை’யில் கிளர்ச்சிப் பாட்டுக்கே தடை வருகிறது. கிளர்ச்சிதான் முடிந்துவிட்டதே, இனி எதற்குப் பாட்டு என்று காரணம் சொல்கிறார்கள். பாவலரின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பக்கம் எப்படிச் சுடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் 2015 செப்டம்பர். போனஸ் 10 சதவீதமாகக் குறைந்தது, 20 வேண்டும் என்று பெண்கள் காட்டை விட்டு இறங்கி மூணாறு டவுன் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். அன்றைக்கு நாள் கூலி 232 ரூபாய். எந்த யூனியன் தலைவரையும் பக்கத்தில் விடவில்லை, எங்கள் சந்தாவை வாங்கிக்கொண்டு கம்பெனியோடு சேர்ந்துகொண்டீர்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. ஒன்பது நாளில் 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை என்று சேர்த்து 20 வாங்கினார்கள். ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற அவர்களுடைய அமைப்பு கேரளம் முழுக்கப் பேசப்பட்டது. பால் எங்கே என்று கேட்கப் பண்ணையில் யாருக்கும் வாய் வரவில்லை, இந்தப் பெண்களுக்கு வந்தது. அந்த அமைப்புக்குள்ளும் சீக்கிரமே பிளவு வந்ததை மறைக்க வேண்டாம். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய கேள்வியை ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்தினால் அப்படித்தான் ஆகும்.

இன்னொன்றையும் தோழர்களிடம் பெருமையாகவே சொல்லலாம். தலைவர்களை இறக்கத் தெரிய வேண்டும் என்று ஆர்வெல் எழுதியதைக் கேரளத்து வாக்காளர்கள் செய்துகாட்டினார்கள். 1982 முதல் 2016 வரை ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் ஆட்சியை மாற்றினார்கள். இங்கே இடதுசாரிகள் நெப்போலியன் ஆகாமல் இருந்ததற்கு அவர்களுடைய நல்ல குணம் எவ்வளவு காரணமோ அதைவிட இந்த ஓட்டுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

நம் பக்கத்து எழுத்தில் இதெல்லாம் இல்லையா என்றால், உண்டு. பாலக்காட்டுக்காரரான ஓ.வி. விஜயன் இளமையில் இடதுசாரி. சோவியத் படை நசுக்கிய 1956 ஹங்கேரி எழுச்சியும், அப்போது அங்கே பிரதமராக இருந்த இம்ரே நாகி 1958-இல் தூக்கிலிடப்பட்டதும் அவரை உலுக்கின, ‘கசாக்கின் இதிகாசம்’ புரட்சிக் கதையாக இல்லாமல் வேறொன்றாக வளர்ந்ததற்கு அது ஒரு காரணம். யூமா வாசுகியின் தமிழில் கிடைக்கிறது. அவருடைய ‘தர்மபுராணம்’ முழு உருவக நாவல், அதிகாரத்தின் அசிங்கத்தை மூக்கைப் பொத்திக்கொள்ளும்படி எழுதியது. 1975 ஜூலையில் தொடராக வரவிருந்தது, ஜூனிலேயே எமர்ஜென்சி வந்து நின்றுபோனது. கூட்டத்தில் வாசிக்க ஏற்றதல்ல, தனியாகப் படியுங்கள். தமிழில் ஜெயமோகனின் ‘பின்தொடரும் நிழலின் குரல்’ (1999). நாகர்கோவில் பக்கத்துத் தொழிற்சங்கக்காரர் ஒருவர், கட்சி துடைத்தெறிந்த ஒரு மனிதரின் காகிதங்களைக் கண்டெடுக்கிறார். அந்த மனிதர் கேட்ட கேள்வி, ரஷ்யப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான புகாரினைப் பற்றியது. 1938 மார்ச்சில் ஸ்டாலின் ஆட்சியில் சுடப்பட்ட புகாரின் தன் கடைசிக் கடிதத்தை மனைவி அன்னா லாரினாவை மனப்பாடம் செய்யவைத்தார். முகாம்களிலும் நாடுகடத்தலிலும் கழிந்த வருஷங்கள் முழுக்க அவர் அதை மறக்காமல் சுமந்தார். 1988-இல்தான் சோவியத் அரசு புகாரின்மேல் இருந்த பழியை நீக்கியது. சுவரில் எழுத்து மாறினாலும் ஒரு ஆளின் ஞாபகம் மாறவில்லை.

கூட்டத்துக்கு வருவோம். க.நா.சு. மொழிபெயர்ப்பு கிடைத்தால் அதை எடுங்கள். பத்து அத்தியாயத்தையும் ஒரே நாளில் வாசிக்க வேண்டாம். முதல் கூட்டத்தில் மூன்றாம் அத்தியாயத்தோடு நிறுத்தி, பால் விஷயத்தைப் பேச விடுங்கள். கொழுந்து எடுக்கிற பெண்கள் முதலில் பேசட்டும், படித்த பையன்கள் காத்திருக்கட்டும். யார் ஸ்டாலின், யார் டிராட்ஸ்கி என்ற பட்டியலைக் கடைசிக் கூட்டத்துக்குத் தள்ளிவையுங்கள், அதை முதலிலேயே கொடுத்தால் கதை ரஷ்யாவுக்குப் போய்விடும், நம் காட்டுக்கு வராது. பாக்ஸரைக் கொண்டுபோகும் ஒன்பதாம் அத்தியாயத்தை அந்த இரண்டு தோழர்களில் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் கொடிபிடித்த காலத்துக் கதையையும் அன்றைக்கே சொல்லச் சொல்லுங்கள். இன்னொரு வேலையும் இருக்கிறது. கூலி ஒப்பந்தத்தின் நகல் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான் லயத்துக்கு வருகிறது, வயதான பெண்கள் பலருக்கு அது க்ளோவர் பார்த்த சுவர் மாதிரிதான். வாசகசாலையில் மலையாளம் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா, போன ஒப்பந்தத்தையும் இந்த ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தச் சொல் புதிதாக வந்திருக்கிறது என்று தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.